தைலமர வளைவில் கனம் போனவர்கள்

எங்கள் கிகேசி மலையில், ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே சாகப்போகிற நோயாளி அங்கே போகும் பாதி வழியிலேயே எடையிழந்துவிடுவார். மூங்கில் டோலியைச் சுமக்கும் நால்வருக்கும் அது தோளில் தெரியும். கிழங்கு மூட்டையாக அழுத்தியது வெறுங்கூடையாகிவிடும். வீட்டுக்கொரு தோள் என்று ஏற்பட்ட டோலிச் சங்கம் எங்களுடையது. கனம் போனதும், மரியாதைக்காகப் பேச்சை நிறுத்திச் சவ ஊர்வல நடை நடப்பது சங்கத்தின் வழக்கம். ஒருதரம்கூடத் தோள் பொய் சொன்னதில்லை. நாங்கள் மெதுவாக வருவதைப் பார்த்தாலே அவசரப் பிரிவு டாக்டர் ஆக்சிஜன் உருளையை வேறு கட்டிலுக்கு நகர்த்திவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருந்தது ஒரே உருளை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஊர்க்காரன் பாரிக்யேவுக்கு நெஞ்சுச் சளி முற்றி, உதடு நீலம் பாரித்துவிட்டது. சங்கத் தலைவர் கட்டுரீபே முன்தோள் கொடுத்தார். தைலமர வளைவில் டோலி லேசானது. நால்வரும் வாயை மூடி நடையைக் குறைத்தார்கள்.

பின்னால் வந்த பாரிக்யேவின் மனைவி கெம்பாபாஸி, "ஏண்ணே மெதுவாப் போறீங்க?" என்றாள்.

"கனம் போயிடுச்சும்மா. மனசத் தேத்திக்க," என்றார் கட்டுரீபே.

"கனம் இல்லேன்னா இன்னும் வேகமால்ல போகணும்? கள்ளுப் பானையோட மட்டும் ஓடத் தெரியுதுல்ல?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா."

"உங்க வழக்கத்துல பொழச்சவன் ஒருத்தனக் காட்டுங்க."

 அவள் கட்டுரீபேயிடமிருந்து முன்கழியைப் பிடுங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு ஓடினாள்; மற்ற மூவரும் ஓட வேண்டியதாயிற்று. பாரிக்யே டோலியிலிருந்து மேலே எழும்பத் தொடங்கவே, கட்டுரீபே அவன் இடுப்பை அழுத்திப் பிடித்தபடி கூடவே ஓடினார். டோலி ஓடி வருவதை அதுவரை பார்த்திராத டாக்டர், உருளையை வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார். கெம்பாபாஸி தன் மேல்துணியால் புருஷனைக் கட்டிலோடு கட்டி, "எங்கயும் போகக் கூடாது" என்று அதட்டினாள்.

அவன் போகவில்லை. போன கனமும் திரும்பவில்லை. அதன்பிறகு கனம் குறைந்தால் ஓடுவது என்று சங்கத்தில் முடிவானது. சிலர் அப்படியும் சாகிறார்கள். எங்களுக்கு ஆத்திரம்தான் வருகிறது. அடுத்த தடவை இன்னும் வேகமாக ஓடுகிறோம்.

சில வருஷம் கழித்து அதே வளைவில் கட்டுரீபேயின் கனம் போனது. அன்றும் முன்கழி கெம்பாபாஸியின் தோளில்தான். மூச்சு வாங்கி அவள் ஒரு கணம் தயங்கினாள்.

டோலிக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஏம்மா மெதுவாப் போற?"

இப்போது அவரும் பாரிக்யேவும் சட்டைப்பையில் கல்லைப் போட்டுக்கொண்டு சேர்ந்தே சந்தைக்குப் போகிறார்கள்.