அங்கன்வாடியில் மட்டும் தூங்கும் பிள்ளை

பிரேமா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கன்வாடி சன்னல் ஓரமாக நின்றாள். உள்ளே மற்ற பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாட, அவளுடைய நாலு வயது மகன் மாதவன் மட்டும் பாயில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் காலை நேரம். தான் சந்தேகப்பட்டது சரிதான் என்று நினைத்தாள்.

வீட்டில் இந்தப் பிள்ளை லேசில் கண்ணை மூடாது. தொட்டதற்கெல்லாம் அலறும், கடிக்கும். இங்கே மட்டும் எப்படி இப்படித் தூங்குகிறது? உள்ளே போய் அவன் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தாள். அவன் வாயையும் மோந்து பார்த்தாள்.

“என்னத்தக் கலந்து குடுக்கீய டீச்சர்?”

இசக்கியம்மாள் டீச்சருக்கு முதலில் புரியவில்லை. “சத்துமாவு உருண்டைதாம்மா. வேற என்ன குடுப்பேன்? ராத்திரி தூங்குதானா இல்லையான்னு நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீ பதிலே சொல்ல மாட்டேங்க.”

“பேச்ச மாத்தாதீய. சேட்டை பண்ணுத பிள்ளைக்கு மருந்தக் குடுத்துப் படுக்கப் போட்டுருதீய. எனக்குத் தெரியாதாக்கும்.”

பிரேமா இதையே குழாயடியிலும் சொன்னது மதியத்துக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது. மறுநாள் பாதித் தாய்மார் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஆபீசர் விசாரிக்க வருகிறாராம், டீச்சருக்கு வேலை போய்விடுமாம் என்று பேச்சு.

பிரேமாவும் மாதவனை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து அட்டை வாங்கிவந்து பெட்டி ஒட்டுவது அவள் வேலை. ஒட்டிய பெட்டி காய்வதற்குள் பிள்ளை கைவைத்து நசுக்கிவிடும். அதனால் செல்போனைக் கொடுத்து மூலையில் உட்கார்த்திவிடுவாள். ராத்திரி அவள் வேலை முடிந்து படுக்கும்வரை செல் அவன் கையில்தான். அவள் அசந்த பிறகும் அவன் கையில்தான்.

அன்று அவள் ஆக்கிய சோற்றைத் தவிர வேறெதையும் அவனுக்குக் கொடுக்கவில்லை. அப்படியும் மத்தியானத்துக்கு முன்பே செல்லைக் கட்டிக்கொண்டு உறங்கிப்போனான். சாப்பிட வந்த புருஷன் சண்முகராஜ் பிள்ளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இன்னைக்கு மருந்து குடுத்தது யாருட்டி?”

“எதுத்த வீட்டு வெள்ளைத்தாயி காலையில முறுக்கு குடுத்தா. அவள அப்பமே நெனச்சேன்.”

“அத நாந்தான் தின்னேன். நான் தூங்கவா செய்யுதேன்? ராத்திரி எப்ப முழிச்சாலும் இவன் மூஞ்சியில செல்லு வெளிச்சம் அடிக்குது. அப்புறம் பகல்ல தூங்காம என்ன செய்வான்?”

 சாயங்காலம் பிரேமா செல்லைப் பிடுங்கி வைத்தாள். மாதவன் அவள் கையைக் கடித்தான், காய வைத்த பெட்டிகளை எல்லாம் மிதித்தான். ஒரு செல்லுக்காகப் பெற்றவளையே கடிக்கிறதே என்று அவளுக்குப் பயம் வந்தது. அதன்பின் அவள் கொடுக்கவே இல்லை. நாலைந்து நாள் வீடு ரெண்டுபட்டது. பிறகு விளக்கு வைத்துச் சாப்பிட்டதும் பிள்ளை தானாகப் படுத்தான். காலையில் எழுந்து இட்லி கேட்டான்.

தாய்மார் கூடும் நேரம் பார்த்து அவனை அங்கன்வாடிக்குக் கூட்டிப்போனாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“டீச்சர் மேல ஒரு தப்பும் இல்லக்கா. எம் பிள்ளை தூக்கத்தக் கெடுத்தது நாந்தான். ஆபீசர் வந்தாலும் இதத்தான் சொல்லுவேன்,” என்றாள் பிரேமா தாய்மாரிடம். “பெட்டி ஒட்டணும்னு ராப்பகலாச் செல்லக் குடுத்தேன். நம்ம பிள்ளை தூங்கலைன்னா, கடிக்குதுன்னா, ஊர்ல உள்ளவியளச் சந்தேகப்படாதீங்க. அது கையில நாம என்னத்தக் குடுத்து வச்சிருக்கோம்னு மொதல்ல பாருங்க.”