சூசன்னாவின் நான்கு ஏக்கர்

பெரில் ஹாட்லி சுலபத்தில் குமட்டுகிறவள் இல்லை. ஹியர்ஃபோர்ட் பக்கத்து ஆட்டுத்தொட்டிகளில் காலமெல்லாம் இறைச்சிப் பரிசோதகராக இருந்தவள். சீழ் பிடித்த ஈரலைக் கையால் பிளந்து பார்த்துவிட்டு, அதே கையைக் கழுவிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவாள். ஓய்வுபெற்ற பிறகு பெரியப்பா மகன் டெரிக் ஒரு வேலை கொடுத்தான். அதுதான் அவள் வயிற்றைப் புரட்டிப் போட்டது.

ஆஷ்விக் கிராமத்தில் ஹாட்லி குடும்பத்தின் பெருமையே ஆம்புரோஸ் ஹாட்லிதான். இருநூறு வருஷத்துக்கு முந்திய பாட்டன். ஈஸ்டர் தோறும் ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்க உயில் எழுதி வைத்த தர்மவான். டெரிக்கின் பண்ணைக் கடையில் 'ஆம்புரோஸ் ரொட்டி' என்றே ஒன்று விற்றது. இப்போது அந்தப் பாட்டனுக்குத் தேவாலயத்தில் நினைவுக்கல் பதிக்கப் போகிறார்கள். அன்றைக்குப் படிக்க ஒரு குடும்ப வரலாறு வேண்டும்.

"உனக்குத்தான் பொழுது போகலயே, நீ எழுதேன்" என்றான் டெரிக். "ரெண்டு பக்கம் போதும். எல்லாரும் பசியோட இருப்பாங்க."

பெரில் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். ஆம்புரோஸின் உயிலில் ரொட்டி இருந்தது; அதற்கு மேலே நிலப் பட்டியலும் இருந்தது. அதில் ஓடையோரத்து 'ப்ராபர்ட் நிலம்' நான்கு ஏக்கர். டெரிக் இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் குடில் நிற்பது அங்கேதான். ஹாட்லி நிலத்துக்கு எப்படி ப்ராபர்ட் என்று வேறு குடும்பத்துப் பேர் வந்தது?

ப்ராபர்ட்டின் உயிலைத் தேடி எடுத்தாள். மனைவியை இழந்த சின்னக் குடியானவன். நான்கு ஏக்கரையும் ஒரே மகள் சூசன்னாவுக்கு எழுதியிருந்தான். அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை நிலத்தையும் அவளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 'என் நல்ல அண்டைவீட்டான் ஆம்புரோஸ் ஹாட்லி'யிடம் ஒப்படைத்திருந்தான். கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு நடுங்கிய சிலுவைக்குறி. அடுத்த நில அளவையில் நான்கு ஏக்கரும் ஆம்புரோஸ் பேரில் இருந்தன. விற்றதற்குப் பத்திரம் இல்லை. சூசன்னாவுக்குக் கல்யாணம் ஆனதாகவும் ஆஷ்விக் பதிவேட்டில் இல்லை, செத்ததாகவும் இல்லை.

ஓடைக்கு அக்கரை மார்ல்கோட், வேறொரு தேவாலயப் பங்கு. பிள்ளை எந்தப் பங்கின் எல்லைக்குள் பிறக்கிறதோ அந்தப் பங்கின் ஏழைகள் நிதிதான் அதற்குச் சோறு போட வேண்டும் என்பது அந்தக் காலச் சட்டம். அந்தப் பதிவேட்டில் அவள் கிடைத்தாள். அடக்கம் செய்த உதவிப் பாதிரியார், நாலு வார்த்தையில் முடிக்க வேண்டிய இடத்தில், ஓரம்வரை நெருக்கி எழுதியிருந்தார்:

'சூசன்னா ப்ராபர்ட், மணமாகாதவள், அவளுடைய சிசுவும். பேறுவலியில் துடித்தவளை ஆஷ்விக் ஏழைகள் நிதிக்குப் பொறுப்பாளனான ஹாட்லி வண்டியில் கொண்டுவந்து நம் எல்லைக்குள் பனியில் இறக்கிவிட்டுப் போனான், பிள்ளை ஆஷ்விக் பங்குக்குப் பாரமாகக் கூடாதென்று. பிள்ளைக்குத் தகப்பன் அவனேயென்று சாகுமுன் மருத்துவச்சியிடம் ஆணையிட்டுச் சொன்னாள்.'

பெரில் எழுந்து கழிப்பறைக்குப் போனாள். காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்தது. கை கழுவும்போது தன் கட்டைவிரல்களைப் பார்த்தாள். குட்டையாக, நுனி பரந்து, ஹாட்லி விரல்கள். அப்பாவுக்கும் இதே விரல்கள்தான். அந்த வண்டியில் கடிவாளம் பிடித்தவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். சோப்பை மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

அவள் போய்ச் சொன்னபோது டெரிக் பன்றிக்கறி அடை தின்றுகொண்டிருந்தான். தாடையின் அசைவு நிற்கவில்லை.

"அந்தக் காலத்துல எல்லா ஊர்லயும் இப்படித்தான் தள்ளிவிட்டாங்க பெரில்."

"தன் பிள்ளையைச் சுமந்தவளையா? அதுவும் அவ நிலத்தையும் வாயில போட்டுக்கிட்டு?"

"செத்துப்போன பொண்ணு சொன்னது. கோர்ட்டுல நிக்குமா?" கடுகு விழுதை வழித்தெடுத்தான். "கல்லு வெட்டியாச்சு. நீ ரொட்டியப் பத்தி எழுது, போதும்."

"உனக்குத் தொண்டையில இறங்குதா டெரிக்?"

"அருமையா இறங்குது. ஒரு துண்டு வேணுமா?"

அவள் எழுதிக் கொடுத்ததை அவன் அப்படியே அச்சடிக்கவில்லை. விழாவன்று கைக்கு வந்த புத்தகத்தில், 'தம் பராமரிப்பில் இருந்த அநாதைப் பெண் நன்றியோடு விட்டுச்சென்ற நிலம்' என்றிருந்தது. கீழே பெரிலின் பெயர். அதைப் படித்ததும் அவளுக்கு வாயில் எச்சில் புளித்தது.

விழாவை நடத்திய பாதிரியம்மா படிக்க அழைத்தபோது பெரில் புத்தகத்தை இருக்கையிலேயே வைத்துவிட்டுப் போனாள். ப்ராபர்ட்டின் உயிலைப் படித்தாள். மார்ல்கோட் பதிவை ஒரு சொல் விடாமல் படித்தாள். கடைசியில், "இவனுக்குத்தான் இந்தக் கல்லு" என்றாள்.

யாரோ இருமினார்கள். முன்வரிசையில் டோரத்தி அத்தை பக்கத்திலிருந்தவளிடம், "சாப்பாட்டுக்கு முன்னாடி பேசற பேச்சா இது? இவ சின்ன வயசுலயே இப்படித்தான்" என்றாள். பாதிரியம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "நான் மேலிடத்துக்கு எழுதறேன் பெரில். இன்னைக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று மெல்லச் சொன்னார். அதற்குள் டெரிக் கல்லின் மேலிருந்த துணியை இழுத்துவிட்டான். கைதட்டினார்கள்.

பிறகு ரொட்டிக் கூடை வந்தது. அவள் படித்ததைக் கேட்ட அத்தனை பேரும் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள், வெண்ணெய் தடவினார்கள், மென்றார்கள். டோரத்தி அத்தை மடியில் சிந்திய தூளைக்கூட விரலால் ஒற்றி நக்கினாள். அந்தச் சப்பும் சத்தத்துக்கு நடுவே நிற்க முடியாமல் பெரில் வெளியே வந்தாள்.

டெரிக் சும்மா இருக்கவில்லை. அவள் படித்தது ஊரில் பேச்சானதும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. இளவேனிலில் ஓடையோரக் குடிலுக்குப் பெயர் மாறியது. 'சூசன்னாவின் காதல் கூடு. புதுமணத் தம்பதிகளுக்குச் சலுகை.' பலகையில் நீண்ட கூந்தலோடு ஒரு பெண் படம். தேவாலயத்துக் கல் பற்றி மேலிடத்திலிருந்து, பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் பதில் வந்திருந்தது.

பெரில் திருப்புளியோடு போனாள். பட்டப்பகல். குடிலில் தங்கியிருந்த இளம் ஜோடி வாசலில் நின்று பார்த்தது. "ரிப்பேரா?" என்று கேட்டான் பையன்.

"இல்லப்பா. இங்க காதலும் இல்ல, கூடும் இல்ல. ஒரு பொண்ணுகிட்டருந்து திருடின நிலம் இது, அவள வண்டியில கொண்டுபோய்ப் பனியில சாக விட்டாங்க."

அந்தப் பெண் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பெரில் கடைசித் திருகாணியையும் கழற்றி, பலகையைக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது. "வந்தவங்க பொட்டிய கட்டிட்டாங்க! என் சொத்த எடுத்துட்டுப் போக நீ யாரு? திருடி!" என்று கத்தினான் டெரிக்.

"ஹாட்லிடா. நம்ம பரம்பரைத் தொழிலே அதுதானே."

அவன் போனை வைத்தான். அடுத்த வாரமே புதுப் பலகை வந்தது, முன்னதைவிடப் பெரிதாக. பெரில் மறுபடியும் திருப்புளியை எடுத்தாள்.