வாடை இல்லை

கட்டுத்துணியை மூக்கருகே கொண்டுபோகிறேன், ஒன்றுமே இல்லை, வெறும் சுவரை முகர்ந்த மாதிரி, நான் இப்போது எங்கே நிற்கிறேன், மூன்று வருடத்துக்கு முந்திய கொரோனா வார்டிலா, கவச உடைக்குள் வேர்வை ஒழுகுகிறது, பிறகு எனக்கும் கொரோனா வந்து பதினாறு நாள் படுத்தேன், எழுந்தபின் மூச்சிரைப்புகூட மெல்லக் குறைந்தது, மூக்கு போனது போனதுதான், வீட்டில் பால் கருகினால் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டும். இந்த மூக்கா? முன்பெல்லாம் கட்டைப் பிரிக்கும் முன்பே சீழ் வைத்திருக்கிறது என்று சொல்லிவிடும் மூக்கு, ஏ மோப்பக்காரி, இங்க வாடி என்று வார்டு பொறுப்பாளர் கிளாடிஸ் அக்கா கூப்பிடுவார், அதனாலேயே யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ரிக்கார்ட் ரூமுக்குத் தள்ளிவிடுவார்கள், கண்ணும் கையும் போதும் என்று பெரிய வீறாப்பு எனக்கு. இந்தக் கட்டு சுடலைமுத்துவுடையது, லாரி ஓட்டுகிறவர், சர்க்கரைப் புண், இரண்டு விரல் ஏற்கெனவே எடுத்தாயிற்று, மிச்சக் காலைக் காப்பாற்றத்தான் தினமும் கட்டு மாற்றுகிறேன், இன்றும் மாற்றி, புண் சுத்தம், வாடை இல்லை என்று நோட்டில் எழுதினேன், பதினெட்டு வருட நர்ஸ் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது, எனக்குத் தெரியவில்லையென்றால் புண்ணுக்கும் இல்லையாம், அடிப்பாவி.

மறுநாள் அவர் மனைவி பேச்சித்தாய் வராந்தாவில் மறிக்கிறாள், சிஸ்டர், கோவிச்சுக்கிடாதீக, நேத்து சாயங்காலத்துல இருந்து அவுக கால்ல செத்த எலி வாடை அடிக்குது, டாக்டரு உங்க நோட்டப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டுப் போயிட்டாக, எம் மூக்குதான் கெட்டுப்போச்சோ. உன் மூக்கு இல்லை தாயே, என் மூக்கு என்று சொல்லிவிட்டேன், மூன்று வருடம் வராத வார்த்தை அவ்வளவு லேசாக வந்தது. கட்டைப் பிரித்தால் மேலே நல்ல சிவப்புச் சதை, விரலிடுக்கில் அழுத்தியதும் சாம்பல் நிறத்தில் நீர் கசிகிறது, அக்கா, டாக்டரக் கூப்பிடுங்க, எனக்கு வாடையே தெரியாதுக்கா, கொரோனாவுல போனது. கிளாடிஸ் அக்கா, ஏன்டி, என்கிட்டகூடவா சொல்லல என்றார், போனை எடுத்தார். டாக்டர் கீறிச் சுத்தம் செய்தார், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார், என்னைப் பார்க்காமல் கை கழுவினார். திங்களிலிருந்து எனக்கு ரிக்கார்ட் ரூம்.

அழுதேன், அழுது முடித்தேன், இரண்டு நாள் கழித்து சனிக்கிழமை, என் கடைசிக் கட்டு, துணியை மூக்கருகே கொண்டுபோகிறேன், பேச்சித்தாயின் மூக்கருகே, அவள் கண்ணை மூடி நன்றாக இழுத்து, மருந்து வாடைதான் சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல என்கிறாள், நான் நோட்டில் எழுதுகிறேன், வாடை இல்லை, முகர்ந்தவர் பேச்சித்தாய்.