ஐந்தாவது டி.சி.

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் திருடினேன். பத்திரிகைக்கு அனுப்பவிருந்த என் கதையை நகலெடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பொன்னுத்தாய் என்ற அம்மாவும், பிளஸ் டூ படிக்கும் மகள் மலர்க்கொடியும். கையில் நான்கு பழைய டி.சி. நகல்கள், ஒரு புது டி.சி.

2

முதல் தொடக்கம்: "காவிரியில் அன்று..." சீச்சீ, காவிரிக்கு இங்கே வேலையில்லை.

இரண்டாவது: "அடிக்கடி பள்ளி மாறும் பிள்ளைகள் படிப்பை முடிப்பது குறித்து..." இதைப் படிக்க யார் காத்திருக்கிறார்கள்?

நேராகவே வருகிறேன். மலர்க்கொடியின் அப்பா வீரமலைக்கு வாழைத்தார் வெட்டும் வேலை. மருங்காபுரியில் கிளம்பிய குடும்பம், வேலை இருக்கும் ஊருக்கெல்லாம் போகிறது. ஒவ்வொரு முறையும் பாத்திரம் கட்டும் முன்பே பொன்னுத்தாய் மகளின் டி.சி.யை வாங்கிவிடுவார். அது கையில் இருந்தால் எங்கேயும் சேர்த்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. நான்கு முறை பலித்தது. இந்த நவம்பரில் முசிறியிலும் அப்படியே வாங்கினார். பொதுத்தேர்வுப் பட்டியலில் மகள் பெயரை அடித்துவிட்டார்கள். குடிவந்த ஸ்ரீரங்கத்தில் போய்க் கேட்ட பள்ளியிலோ அவள் படித்த பிரிவே இல்லை. இப்போது அவள் எந்தப் பள்ளியிலும் இல்லை. மார்ச்சில் தேர்வு.

3

(இந்த இடத்தில் பொன்னுத்தாயை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. ஒட்டுக்கேட்ட என்னை முறைத்தார்.)

"நீங்க எழுதுறவங்களா?" என்றாள் மலர்க்கொடி, என் தாள்களை எட்டிப் பார்த்து.

பெருமை தாங்கவில்லை. உன்னைப் பற்றிக்கூட எழுதலாம் என்று உளறி, மனதில் தோன்றிய இரண்டு முடிவுகளையும் சொன்னேன். ஒன்றில் மலைக்கோட்டை ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்கிறாள். மற்றொன்றில் கலெக்டர் ஆகிறாள்.

"ரெண்டும் வேணாங்க. முசிறி ஹெச்.எம்.முக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க, திரும்பச் சேர்த்துக்கச் சொல்லி. தினம் இங்கேருந்து போயிக்கிறேன்."

"முசிறி கிட்டவா இருக்கு? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் வேற மாறணுமேம்மா" என்றேன்.

"அஞ்சு ஸ்கூல் மாறியாச்சு. பஸ் மாற மாட்டேனா?"

"தப்பு என்னுதுங்க. அதையும் எழுதுங்க" என்றார் பொன்னுத்தாய்.

கூசிப்போனேன். என் கதையின் கடைசித் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்.

4

முடிவு என்னிடம் இல்லை. மனு இருக்கிறது.

"ஐயா, அம்மா விவரம் தெரியாமல் டி.சி. வாங்கிவிட்டார். திருப்பித் தந்துவிடுகிறோம். பட்டியலில் என் பெயரை மறுபடி எழுதுங்கள். ஒரு நாளும் லீவு போட மாட்டேன். மலர்க்கொடி."

கீழே ஹெச்.எம். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஹெச்.எம். நாற்காலியில் கொஞ்ச நேரம் நீங்கள் உட்காருங்கள். முதல் பஸ்ஸில் வந்தவள் வெளியே நிற்கிறாள். பதில் தெரியாமல் போக மாட்டாளாம்.