மாரி அந்த விராலை என்ன செய்தான்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது கால்பங்குகூடத் தேறாது. கருங்குழிப் பக்கம் பஸ் பஞ்சராகி நின்றது. ரோட்டை ஒட்டி ஏரி, ஜூன் மாத வெயில். முழங்கால் தண்ணீரில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் துள்ளியது. மற்றவன் பிளாஸ்டிக் பக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "போடு மாமா, போடு" என்று கத்தினான். விரால்காரன் பக்கெட்டில் போடவில்லை. தண்ணீரில் விடவும் இல்லை. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான். அதற்குள் டயரை மாற்றிவிட்டார்கள், பஸ் கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து அந்த ஆள் மீனும் கையுமாக என் மண்டைக்குள் நிற்கிறான். பெயர் வைத்து, குடும்பம் கொடுத்து அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

"கோடை மழை பெய்து ஓய்ந்த ஏரியில், விரால்கள் இனப்பெருக்கம் செய்யும்..." [வேண்டாம். பாடப்புத்தக வாடை.]

"மாரி கடலில் பிறந்தவன்..." [கடலில் யாராவது பிறப்பார்களா? திருவிடந்தைக் குப்பத்தில் பிறந்தவன்.]

நேராகவே சொல்கிறேன். மாரிக்கு வேலை காசிமேட்டில், விசைப்படகில். கடலுக்குள் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மீன்கள் முட்டையிடும் காலம் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கட்டிப்போடும் அந்த இரண்டு மாதம்தான் அவன் முழுசாக வீட்டில் இருப்பான். இந்த வருஷம் வீட்டில் இருக்கலாம் என்று வந்தால் வீட்டில் ஆளில்லை. மனைவி ஷீலா, மகள் எழிலைக் கூட்டிக்கொண்டு கருங்குழியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். மாரி பின்னாலேயே வந்து தடைக்காலம் முழுக்க மாமியார் வீட்டில் கிடந்தான்.

இப்போது தடை முடியப்போகிறது. படகு ஓனர் போன் செய்துவிட்டார். ஷீலாவின் தம்பி அரசு, நெடுஞ்சாலை ஓரத்துக் கம்பெனி ஒன்றில் மாமாவுக்குக் குடோன் வேலை பேசி வைத்திருக்கிறான். காலையில் நாஸ்தா வைக்கும்போதே ஷீலா சொல்லிவிட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. படகுக்குப் போறதுன்னா போ. ஆனா அடுத்த தடைக்கு இந்த வூட்டுப் பக்கம் வராத."

மாரி இட்லியை மென்று முடித்தான். அரசுதான், "வா மாமா, ஏரிக்குப் போலாம்" என்று கிளப்பிக்கொண்டு போனான்.

(ஷீலாவைக் கொஞ்சம் கறாராக எழுதிவிட்டேனோ? மாற்றிப் பார்த்தேன். ஒரு வரைவில் அழவைத்தேன். அழுகை அவளுக்குப் பொருந்தவே இல்லை. அவன் கடலில் இருந்தபோது காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன்னந்தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடியவள், புருஷனுக்குப் போன் போட்டு லைன் கிடைக்காமல் அலைந்தவள், இப்படித்தான் பேசுவாள். இருக்கட்டும்.)

3

கோரைப் புல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் உலை கொதிப்பதுபோல் கொதித்தது.

"இன்னாடா அது?" என்றான் மாரி.

"விரால் குஞ்சு மாமா. செவப்பா, கூட்டமா கீது பாரு. மூச்சு வுட மேல வருதுங்க. அடியில பெருசு காவலுக்கு நிக்கும்." அரசு தூண்டிலில் ரப்பர் தவளையை மாட்டிக் கொடுத்தான். "நடுவுல போடு. அது பசிக்குக் கடிக்காது. புள்ளைங்களாண்ட எவன்டா வரான்னு கோவத்துல கடிக்கும்."

மாரி வீசினான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வீசினான். தண்ணீர் சளாரென்று தெறித்தது. ரீலைச் சுற்றத் தெரியாமல் படகில் கயிற்றை இழுக்கிற மாதிரி தூண்டில் நரம்பைக் கையால் இழுத்தான். உள்ளங்கை அறுபட்டது. விரால் வந்தது.

கொதிப்பு சிதறி அடங்கியது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் மறுபடி ஒன்றுசேர்ந்து மாரியின் காலைச் சுற்றி வந்தன.*

"போடு மாமா பக்கெட்ல. அக்கா கொழம்பு வைக்கும்."

"இத்த எடுத்துகினா இதுங்கள யாரு பாக்கறது?"

"கொக்கு பாத்துக்கும்." அரசு சிரித்தான். "இன்னா மாமா, டன்னு டன்னா அள்றவன் நீ. ஒரு விராலுக்குப் போயி பேஜாரு பண்ற. போடு மாமா, போடு!"

மாரி போடவில்லை.

(* குஞ்சுகள் அப்படிச் செய்யுமா என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் எனக்கு அவை தேவைப்பட்டன.)

4

முதல் வரைவில் இங்கே மாரிக்கு ஞானம் பிறந்தது. கடலில் எந்த மீனும் குஞ்சைக் காப்பதில்லை, முட்டையை விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும், ஆகவே காவல் நிற்கும் மீனை அவன் இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறான். மகள் நினைவு வருகிறது. விராலை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. என் கதைக்கு நானே அழுவது எனக்கு வழக்கம்தான்.

மறுநாள் கடல் கெளுத்தி வாங்கி வந்து கழுவ உட்கார்ந்தேன். ஒன்றின் வாய் நிறைய முட்டை, கோலிக்குண்டு அளவில். விசாரித்தால், ஆண் கெளுத்திதான் அப்படி வாயில் வைத்து அடைகாக்குமாம். குஞ்சு வெளியே வரும்வரை பட்டினியாம்.

போயிற்று என் ஞானம். வலையில் ஏறிய கெளுத்திகள் படகில் விழுந்து முட்டையைக் கக்குவதை மாரி எத்தனையோ தடவை பார்த்திருப்பான். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் தள்ளியிருப்பான். புதிதாக அவன் எதையும் பார்க்கவில்லை. பிறகு எதற்கு அப்படி விழித்துக்கொண்டு நின்றான்? எனக்கு நிஜமாகவே குழப்பமாக இருந்தது. வேறு வழியில்லாமல் அவனையே கேட்டேன். கதாபாத்திரத்தோடு பேசுகிற எழுத்தாளர்களை நான் கேலி செய்ததுண்டு.

"படகுல வேல ஓடிகினே இருக்கும் சார்" என்றான் மாரி. "நின்னு பாக்க ஏது டயம்? இங்க சும்மா நின்னேன். அதான்."

"அப்போ விட்டுடப்போறியா?"

"தெர்ல சார்." விராலை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். "குடோன்ல சும்மா நிக்கற நேரம் நெறைய இருக்குமா? அப்பல்லாம் இப்டித்தான் தோணிகினே இருக்குமா?"

அவன் பயப்படுவது குடோனுக்கு இல்லை, சும்மா நிற்கும் நேரத்துக்கு என்பது மட்டும் புரிந்தது.

5

முடிவு: மாரி விராலை விடுகிறான். அது குஞ்சுகளிடம்... [தூண்டில் கிழித்த வாயோடு அது பிழைக்குமா?]

முடிவு: பக்கெட்டில் போடுகிறான். ஷீலா குழம்பு வைக்கிறாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "நான்..." [நான் என்ன? போகிறேனா, இருக்கிறேனா?]

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. விராலை விட்டவனும் மறுநாள் படகேறலாம். விராலைத் தின்றவனும் குடோனில் சேரலாம். மீனைப் பற்றியே இத்தனை நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். தலைப்பு வேறு வைத்தாகிவிட்டது. மன்னியுங்கள்.

6

சந்தேகமில்லாமல் எனக்குத் தெரிந்த காட்சி ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம். மாரியும் அரசும் ஈரக் காலோடு தெருவில் வருகிறார்கள். பக்கெட்டில் மீன் இருக்கிறதா இல்லையா என்பது உங்கள் இஷ்டம். ஷீலா வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள், அடுத்த பூண்டை எடுக்கிறாள். எழில் ஓடி வந்து அப்பனின் காலைக் கட்டிக்கொள்கிறாள். தடைக்காலம் முடியும்போதெல்லாம் கேட்கிற கேள்வியைத்தான் இப்போதும் கேட்கிறாள். அதில் வருத்தமெல்லாம் கிடையாது, ஸ்கூல் எப்போது திறக்கும் என்று கேட்கிற மாதிரிதான்.

"நைனா, எப்போ போவ?"

ஷீலாவின் கை நின்றுவிட்டது. அரசு செருப்பைக் கழற்றாமல் நிற்கிறான். மாரி வாயைத் திறந்து, என் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். என்னிடம் பதில் இல்லை என்பது தெரிந்துபோய், இப்போது உங்களைப் பார்க்கிறான்.

பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏதாவது சொல்லுங்கள்.