பதிலிங்க பழசுலயே இருக்கட்டும்

இந்தக் காலத்தில் எவனுக்கும் பொறுமை கிடையாது. பாதி வெந்த சோற்றை இலையில் போட்டுவிட்டு, மீதி வயிற்றில் வேகும் என்கிறான்கள். மில்லின் கம்ப்யூட்டர் அறையில், ஏசி குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த அமலநாதனுக்கு அப்படித்தான் எரிச்சல் வந்தது.

தொழிலாளர் வருகைக் கணக்குக்கு அவர் மகள் ரோசா மாதக்கணக்கில் புதுப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். ஓடுகிற பழைய புரோகிராமோடு அதை இன்றே சேர்த்தாக வேண்டும் என்று மேனேஜர் அரிகிருஷ்ணன் ஒற்றைக் காலில் நின்றார். திங்கட்கிழமை முதலாளி வருகிறாராம். சேர்ப்பதைப் பார்க்கத் தொழிற்சங்கம் அமலநாதனை அனுப்பியிருந்தது.

"நிரந்தர ஆளுங்க பேரெல்லாம் சரியா வருதில்ல? சேத்துடும்மா."

"பதிலி ஆளுங்களுக்கு இன்னும் எழுதி முடிக்கல சார்."

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

ரோசா நேற்றைய கணக்கைப் புதுப் புரோகிராமில் ஓட்டிக் காட்டினாள். லீவு போட்ட பக்கிரிக்குப் பதிலாகத் தறி ஓட்டியவன் பதிலி ஆள் சின்னக்கண்ணு. மில் வழக்கப்படி, பக்கிரியின் டோக்கனைத்தான் போட்டுவிட்டு உள்ளே போனான். டைம் ஆபீஸ்காரர் முகம் பார்த்து அவனவன் பேரில் எழுதுவார். பழைய புரோகிராமில் அது அப்படியே ஏறும். புதியதோ டோக்கனை மட்டும்தான் பார்த்தது. வீட்டில் படுத்திருந்த பக்கிரி வேலை செய்ததாகத் திரையில் வந்தது. சின்னக்கண்ணு பேரே இல்லை.

"ஒரு நாள்தானே, போனா போவுது."

அமலநாதன் எழுந்துவிட்டார். ரோசா பிறந்த பிறகும் பதிலியாகவே கிடந்தவர் அவர். "ஒவ்வொரு நாளா சேந்தாத்தான சார் அவன நிரந்தரம் பண்ணுவீங்க? நாளைக்கி 'நீ எங்கடா வேலைக்கு வந்த'ன்னு கேப்பீங்க. தெரியாதா எனக்கு?"

"உக்காருங்கப்பா." ரோசா மேனேஜரிடம் திரும்பினாள். "நிரந்தர ஆளுங்களுக்கு எழுதனது முடிஞ்சிடுச்சி. அத மட்டும் சேக்கறேன் சார். பதிலிங்க பழசுலயே இருக்கட்டும்."

"மொதலாளி கேட்டா ஒம் பேரத்தான் சொல்லுவேன். அப்பறம் ஒனக்கு வேல இருக்குமா?"

"இல்லன்னா போவுது. முடிக்காதத சேக்கறதுக்கு வேற ஆளப் பாருங்க."

அமலநாதனுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. மில் வாசலில் சங்கத்தின் கேட் மீட்டிங்கில் தான் போட்ட சத்தமெல்லாம் இதற்கு முன்னால் தூசு என்று பட்டது. இன்றைக்கே தான் குடியிருக்கும் சாரம் பேட்டை முழுக்க இதைச் சொல்லியாக வேண்டும்.

அரிகிருஷ்ணன் தாடையைச் சொறிந்தார். "முழுசா எப்பதான் சேப்ப?"

"சின்னக்கண்ணு ஒழச்ச நாளு சின்னக்கண்ணு பேர்ல விழட்டும் சார். அன்னிக்கி சேக்கறேன்."

"சரி, முடிஞ்சத சேத்துடு."

சேர்த்து, சரிபார்த்து, ரோசா அப்பாவைக் கூப்பிட்டாள். "எல்லார் பேரும் சரியா நிக்கிது. பாக்கறீங்களா?"

"எம் பொண்ணு பாத்தா போதும்."

"அப்ப நம்பறீங்க!"

"ஒன்ன நம்பறேன். இந்தப் பொட்டி என்னா எனக்கு மாமனா மச்சானா? பதிலிங்க பேரு மட்டுமில்ல, நிரந்தர ஆளுங்க எங்க பேரையும் கையால எழுதியே வைக்கச் சொல்லப்போறேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு டைம் ஆபீஸ் பக்கம் வேகமாக நடந்தார்.