ரோட்டுப் பக்கம் ஒரு வாசல்

"உங்க நைனா இன்னா பண்றான்?"

"கல்லு ஒடைக்கிறாருங்க ஐயா."

"ஓ, ஒடைக்கிறாரா? சரி சரி. பரிசு வாங்கப் போறது நீ. அவன் எதுக்குப் பந்தலுக்குள்ள? அந்தப் பாறை மேல நின்னுக்கச் சொல்லு. அங்கருந்தே நல்லாத் தெரியும்."

பதினைந்து வருடம் ஆகியும் இந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட அமிர்தவல்லி மறக்கவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் அவள் முதல் மதிப்பெண் வாங்கியபோது தாளாளர் அரங்கநாதன் சொன்னது. ஆண்டு விழா அன்று அவளுடைய நைனா தங்கராசு, செஞ்சி வெயிலில், வெறுங்காலோடு பாறைமேல் நின்று கைதட்டினார். அதன் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே அவர் போனதில்லை.

இப்போது, 1986-இல், பள்ளிக்கு ஒரு அரங்கம் கட்ட மிச்சமிருந்த இடம் அந்தப் பாறை மட்டும்தான். மெட்ராஸிலிருந்து வந்து பார்த்த இரண்டு பொறியாளர்களும் வெடி வைத்துச் சமமாக்கச் சொன்னார்கள். வகுப்பறைகள் ஒட்டியே இருந்ததால் அனுமதி கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல், கட்டடக் கலை படித்திருந்த அமிர்தவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார் அரங்கநாதன்.

அவளுக்கு வெடி தேவைப்படவில்லை. பாறையின் சரிவிலேயே உளியால் கொத்திப் படிகள் எடுத்தால் ஐந்நூறு பேர் உட்காரலாம். சரிவின் அடியில் மேடை. மேலே ஓட்டுக்கூரை. மலைக்காற்று வருகிற பக்கம் சுவரே இல்லை. மழைத்தண்ணீர் பாறையிலிருந்து ரோட்டுப் பக்கமாக இறங்கி ஓடும். அதனால் வாசல் மறுபக்கம், அவள் பிறந்த காலனித் தெருவில்.

கட்டப்போகிற காண்டிராக்டர் மஜீத் அவளோடு படித்தவன். வரைபடத்தைப் பார்த்ததும் சிரித்தான்.

"அமிர்தா, பத்தடிக்கு ஒரு பாலம் போட்டா ரோட்டுப் பக்கமே வாசல் வெச்சிடலாமே. மறந்துட்டியா?"

"மறக்கல."

"பின்ன?"

"மந்திரி வந்தாலும் சரி, கலெக்டர் வந்தாலும் சரி, எங்க தெரு வழியாத்தான் தாளாளரு கூட்டினு வரணும். எங்க வீட்டுக் கோழிங்க வழி விட்டா போவட்டும்."

"நீ இதுக்குத்தான் படிச்சியா?"

"பாதி இதுக்குத்தான்."

மறுவாரம் அரங்கநாதன் வரைபடத்தை மேசைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தார். மஜீதும் உடன் இருந்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. வாசல்தான்... அந்தத் தெரு வழியா நான் எப்படிம்மா?"

"தண்ணி வர்ற வழிய மறிக்கக் கூடாதுங்க ஐயா."

"பாலம் போட்டா ஆவும்னு மஜீத் சொல்றானே."

அமிர்தவல்லி திரும்பினாள். மஜீத் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். முடியாது என்று ஒரு பொய் சொன்னால் போதும். இவர் நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த மனிதர் தலைகுனிந்து தெருவில் நடப்பது மட்டும் தனக்குப் போதாது என்று அந்த நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்தது.

"ஆவும்," என்றாள். வரைபடத்தை நிதானமாகச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். "வரைஞ்சு தரேன். ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பதினஞ்சு வருசமா கேக்காம வெச்சிருக்கேன்."

"இன்னா, கல்வெட்டுல உன் பேரு போடணுமா?"

"இல்லீங்க. நீங்க எங்க வீட்டுக்கு வரணும். கார்ல இல்ல, அந்தத் தெருவுல நடந்து. எங்க நைனா முன்னாடி நின்னு, 'உங்கள வெயில்ல நிக்க வெச்சது நான்தான், தப்புதான்'னு உங்க வாயால சொல்லணும். அப்புறம்தான் பாலம்."